பாய்லர் ரூம்ல 4 வருஷம், டீசல் ஷெட்ல 26 வருஷம்: ஒரு நுரையீரல் கேஸோட முழு விவரம்

இது அமெரிக்காவுல, மிட்வெஸ்ட் பக்கம் ஒரு ரயில்வே ஊர்ல நான் பார்த்த கேஸ். நான் டாக்டர் இல்ல, ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், மூச்சு டெஸ்ட் எடுக்கறது என் வேலை. பெரியவரும் அவர் வீட்டம்மாவும் எழுத சரின்னு சொன்னாங்க, ஆனா பேரு, ஊரு, அவர் இருந்த கப்பல், வேலை பார்த்த ரயில்வே எதையும் சொல்லப் போறதில்ல. இந்த கேஸ்ல நோயை கண்டுபிடிச்சு கொடுத்தது அவரோட வேலைக் கதைதான், மெஷின் பாதிதான் சொல்லுச்சு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

2021 அக்டோபர்ல முதல் தடவை வந்தாரு, அப்போ வயசு 74. ஃபைல்ல சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கற வியாதின்னு போட்டிருந்தது, ஆறு வருஷமா இன்ஹேலர், ஒண்ணு மாத்தி இன்னொண்ணு, எதுவும் கேக்கல. மாடிப்படி பாதியில நின்னுடறேன்னாரு. சிகரெட் பழக்கம் இருந்தது, கப்பல்ல ஆரம்பிச்சது, 1985ல விட்டுட்டாரு. சிகரெட்னு ஒரு வார்த்தை ஃபைல்ல ஏறிட்டா அதுக்கப்புறம் எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டு போறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், இவருக்கும் அதுதான் நடந்தது.

கண்ணாடி பாக்ஸ்குள்ள உக்கார வச்சு ஊத சொன்னேன். நல்லா ஒத்துழைச்சாரு, மூணு தடவையும் நம்பர் ஒண்ணா வந்தது. மொத்தமா வெளிய தள்ளற காத்து, அவர் வயசு உயரத்துக்கு வர வேண்டியதுல 71 சதவீதம். முதல் செகண்ட்ல தள்ளறதுக்கும் மொத்தத்துக்கும் உள்ள ரேஷியோ 81. சிஓபிடின்னா இந்த ரேஷியோ 70க்கு கீழ வரணும், குழாய் சுருங்கி காத்து மெதுவா வெளிய வர்ற வியாதி அது, இவருக்கு காத்து வேகமாத்தான் வருது, ஆனா உள்ள இடம் கம்மி. அடுத்து, நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்குதுன்னு பார்க்கற டெஸ்ட், அது 58. ஆக நுரையீரல் விறைச்சு சுருங்கியிருக்கு. டாக்டர் முதுகுல ஸ்டெதஸ்கோப் வச்சப்ப ரெண்டு பக்கமும் அடியில, மூச்சு இழுத்து முடியற நேரத்துல, வெல்க்ரோ பட்டையை பிரிச்சா வருமே அந்த சத்தம். அதோட இன்ஹேலர் கதை முடிஞ்சது.

ஆனா நுரையீரல் விறைக்க காரணம் நிறைய இருக்கு, காரணமே தெரியாம விறைக்கறதும் ஒண்ணு. ஸ்கேன்ல ஆஸ்பெஸ்டாஸால (சூடு தாங்கற நார்க்கல்) வர்ற தழும்பும் காரணம் தெரியாத தழும்பும் பல சமயம் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும், ரெண்டும் அடிப்பகுதில, ஓரத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். அப்போ எதை வச்சு பிரிக்கறது? அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2004ல வெளியிட்டதுல மூணு விஷயம் கேக்கறாங்க, நுரையீரல்ல மாற்றம் தெரியணும், ஆஸ்பெஸ்டாஸ் கூட பழகினதுக்கு ஆதாரம் இருக்கணும், வேற காரணம் இல்லன்னு ஒதுக்கணும். அந்த ரெண்டாவது ஆதாரம் அவர் வாழ்க்கைல இருந்துதான் வரணும், நாம கேட்டாத்தான் வரும்.

எங்க ஃபார்ம்ல தொழில்னு ஒரு கோடு இருக்கு, ஒரே ஒரு கோடு. அதுல அவர் "ரிட்டயர்டு"ன்னு எழுதியிருந்தாரு.

அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். ரயில்வேன்னாரு. அதுக்கு முன்னாடி? நேவி. நேவில என்ன? பாய்லர்மேன். சரி பாய்லர்ல உங்க கையால என்ன வேலை பண்ணினீங்கன்னு கேட்டேன், இந்தக் கேள்வியை யாரும் அவர்கிட்ட இதுவரைக்கும் கேட்டதில்ல போல, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாரு. அப்புறம் என் பேனாவை வாங்கி சாய்ச்சு பிடிச்சு மேஜை விளிம்புல சுரண்ட ஆரம்பிச்சாரு, பழைய கேஸ்கெட் (குழாய் ஜாயிண்ட் லீக் ஆகாம நடுவுல வைக்கறது) ஃபிளாஞ்சுல கருகி ஒட்டிக்கிட்டு இருக்கும், இப்படித்தான் சுரண்டி எடுக்கணும், வராததை வயர் பிரஷ் போட்டு தேய்க்கணும்னு சொல்லிக்கிட்டே சுரண்டினாரு, முடிச்சதும் குனிஞ்சு மேஜை விளிம்பை வாயால "ஃபூ"ன்னு ஊதினாரு. அவருக்கே தெரியாம ஊதினாரு. 50 வருஷம் கழிச்சும் கை முடிச்ச உடனே வாய் தூசியை ஊதுது. நான் அப்படியே உக்காந்திருந்தேன், என்ன சொல்றதுன்னு தெரியல.

அன்னைக்கு ஆரம்பிச்சு மொத்தம் மூணு தடவை உக்காந்து அவர் வேலைக் கதையை மாசம் மாசமா கணக்கு போட்டு எழுதினோம்.

1965ல ஹைஸ்கூல் முடிச்ச உடனே ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மூணு மாசம் ரயில்வேல தண்டவாள கேங் வேலை. கட்டை மாத்தறது, ஜல்லி கொட்டறது. 1966 பிப்ரவரில நேவி. வியட்நாம் சண்டை சூடா இருந்த நேரம், ஆர்மில இழுத்துட்டு போறதுக்கு முன்னாடி நேவில தானா சேர்ந்துட்டா காடு மேடு அலைய வேண்டாம்னு அந்த வயசுப் பசங்க நிறைய பேர் யோசிச்சாங்க, இவரும் அப்படித்தான். இலினாய்ஸ்ல கிரேட் லேக்ஸ்ல ட்ரெயினிங், பாய்லர் ஸ்கூலும் அங்கேயேதான். அப்புறம் கியரிங் கிளாஸ்னு சொல்ற ரகத்துல ஒரு டெஸ்ட்ராயர் போர்க்கப்பல்.

அந்த கிளாஸ் கப்பல் எல்லாம் ரெண்டாம் உலகப்போர் முடியற சமயத்துல கட்டினது, ஒரு கப்பலுக்கு நாலு பாய்லர், பாய்லர் ரூம் ரெண்டு, என்ஜின் ரூம் ரெண்டு. ஸ்டீம் சதுர இஞ்சுக்கு 600 பவுண்டு அழுத்தத்துல ஓடும். அவ்வளவு சூடான குழாயை சும்மா விட முடியாது, பக்கத்துல ஆள் நிக்கணும், அதனால குழாய், வால்வு, பம்ப், டர்பைன், எல்லாத்துக்கும் மேல ஆஸ்பெஸ்டாஸ் போர்வை. வால்வு தண்டுல அடைக்கற கயிறு ஆஸ்பெஸ்டாஸ், கேஸ்கெட் ஆஸ்பெஸ்டாஸ், ரிப்பேருக்கு பூசற சிமெண்ட்ல ஆஸ்பெஸ்டாஸ். ஒரு வால்வு லீக் ஆச்சுன்னா முதல்ல போர்வையை பிய்க்கணும், அது காய்ஞ்சு பொடிப்பொடியா உதிரும். காத்தோட்டம் மேல இருந்து வர்ற ஊதுகுழாய் மட்டும்தான், அதுக்கு கீழ நின்னாத்தான் மூச்சு விட முடியும், அதனால தூசி பறக்கற வேலையும் அந்த ஊதுகுழாய்க்கு கீழயேதான் நடக்கும். தூங்கற இடத்துலயும் தலைக்கு மேல அதே போர்வை சுத்தின குழாய்தான், பீரங்கி சுட்டா மேல இருந்து வெள்ளையா பெட் மேல விழும்னாரு. வியட்நாம் கரையோரம் கரைல இருக்கறவங்களுக்கு உதவியா சுட்டுக்கிட்டே இருந்த கப்பல் அது. எல்லாத்தையும் விட மோசம் கப்பலை யார்டுல ஏத்தி ஓவர்ஹால் பண்ணின மாசங்கள், பத்து ட்ரேடு ஆளுங்க ஒரே ரூம்ல பழைய போர்வையை பிரிச்சு புதுசு சுத்துவாங்க, எதிர்ல நிக்கற ஆள் முகம் தெரியாதாம். மாஸ்க்? யாரும் கொடுக்கல.

அப்போ யாருக்கும் தெரியாதான்னு கேப்பீங்க. 1946ல நேவி கப்பல் கட்டற யார்டுகள்ல குழாய்க்கு போர்வை சுத்தற ஆளுங்க 1,074 பேரை பரிசோதிச்சு ஒரு ஆய்வு வந்தது, மூணே பேருக்குத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ் (ஆஸ்பெஸ்டாஸ் தூசியால நுரையீரல் தழும்பாகற வியாதி), அதனால இது ஆபத்தான வேலை இல்லன்னு முடிவு எழுதினாங்க. ஆனா அந்த மூணு பேருமே 20 வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்க, மத்தவங்கள்ல பெரும்பாலானோர் போர் சமயத்துல புதுசா சேர்ந்தவங்க. இந்த வியாதி தலை காட்டவே பெரும்பாலும் 20 வருஷத்துக்கு மேல எடுக்கும், கேன்சர்னா 40 வருஷம் கூட ஆகும், புதுசா சேர்ந்தவன் நெஞ்சுல என்ன தெரியும்? 1964ல டாக்டர் இர்விங் செலிகாஃப் நியூயார்க் பக்கம் இன்சுலேஷன் ஆளுங்களை வச்சு ஆதாரத்தோட போட்டு உடைச்சாரு. நம்ம பெரியவர் கிரேட் லேக்ஸ்ல கால் வைக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

1970 ஜனவரில நேவி முடிஞ்சது. மார்ச்ல பழைய ரயில்வேலயே டீசல் ஷெட்ல பைப் ஃபிட்டருக்கு ஹெல்ப்பரா சேர்ந்தாரு. ஸ்டீம் என்ஜின் காலம் அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே முடிஞ்சு போச்சே, டீசல்ல ஆஸ்பெஸ்டாஸ் எங்க வந்ததுன்னு நானும் கேட்டேன். பயணிகள் வண்டிக்கு பெட்டி சூடு பண்ண அப்பவும் ஸ்டீம்தான், டீசல் என்ஜின்குள்ளயே ஸ்டீம் ஜெனரேட்டர்னு ஒரு குட்டி பாய்லர் இருக்கும், பெட்டிக்கு அடியில முழு நீளத்துக்கும் போர்வை சுத்தின ஸ்டீம் லைன். 1971 மே 1 ஆம்ட்ராக்னு அரசாங்கத்தோட பயணிகள் ரயில் கம்பெனி வந்து பயணிகள் வண்டியை எடுத்துக்கிட்டப்புறமும் அந்தப் பழைய பெட்டிகளையே வருஷக்கணக்கா ஓட்டினாங்க, ரிப்பேர் வேலை ரயில்வே ஷெட்லயே ஒப்பந்தத்துல நடந்தது, இவருக்கு பாய்லர் தெரியும்னு அந்த வேலையெல்லாம் இவர் தலைலதான். சைலென்சர் பக்கத்துல சுத்தற துணி, பிரேக் ஷூ அதுலயும் ஆஸ்பெஸ்டாஸ். ஷிப்ட் முடிஞ்சதும் பிரேக் தூசி படிஞ்ச இடத்தை கம்ப்ரஸ்டு ஏர் ஹோஸ் வச்சு ஊதி சுத்தம் பண்ணுவாங்க, அதே ஹோஸை திருப்பி சட்டை பேன்ட்டையும் ஊதிக்குவாங்க. கூடவே மூடின ஷெட்டுக்குள்ள என்ஜினை ஓட விட்டு டெஸ்ட் பண்ற டீசல் புகை, 2012ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஏஜென்சி அதை மனுஷனுக்கு கேன்சர் வரவைக்கும்னு உறுதியான பட்டியல்ல சேர்த்தாங்க. சக்கரம் வழுக்காம இருக்க கொட்டற மணலோட தூசி வேற.

1982 டிசம்பர்ல லேஆஃப். 1980ல ரயில்வே மேல இருந்த அரசாங்க கட்டுப்பாட்டை தளர்த்தற ஸ்டாகர்ஸ் சட்டம் வந்தப்புறம் ரயில்வேங்க லாபம் இல்லாத லைனை மூடி ஷெட்டை சுருக்கினாங்க, பெரிய ரயில்வேகள்ல 1980ல கிட்டத்தட்ட நாலரை லட்சம் பேர் இருந்தது 1990ல ரெண்டு லட்சத்து சொச்சம் ஆச்சு. அந்த 12 வருஷம் கிடைச்ச வேலை, அதுல ஒரு ஸ்கூல் பாய்லர் பார்த்துக்கற வேலையும் உண்டு. 1994 அக்டோபர்ல திரும்ப கூப்பிட்டாங்க, 2007 செப்டம்பர்ல 60 வயசுல ரிட்டயர்.

இங்க ஒரு சின்ன விஷயம், ஆனா அவர் குடும்பத்துக்கு பெரிய விஷயம். அமெரிக்காவுல ரயில்வே ஆளுங்களுக்கு பென்ஷன் சோஷியல் செக்யூரிட்டிங்கற பொது பென்ஷன் திட்டத்துல வராது, ரயில்ரோடு ரிட்டயர்மெண்ட் போர்டுன்னு சிகாகோவுல தனி போர்டு. 60 வயசுல பிடித்தம் இல்லாம முழு பென்ஷன் வேணும்னா 30 வருஷம், அதாவது 360 மாசம் சர்வீஸ் காட்டணும். இவரோட ரயில்வே மாசம் மட்டும் கூட்டினா 3, 154, 156, மொத்தம் 313. ஆனா போர்க்காலத்துல மிலிட்டரிக்கு போன ஆள், போன அதே வருஷமோ அதுக்கு முந்தின வருஷமோ ரயில்வேல வேலை பார்த்திருந்தா மிலிட்டரி மாசமும் ரயில்வே சர்வீஸா கணக்கு. 1965 கோடைல மூணு மாசம் ஜல்லி கொட்டினாரே, அந்த மூணு மாசம் நேவியோட 48 மாசத்தை இழுத்துக்கிட்டு வந்தது. மொத்தம் 361. ஒரு மாசம் உபரி.

இப்போ ஸ்கேனுக்கு வரேன். ரெண்டு பக்கமும் நுரையீரல் உறைல சுண்ணாம்பு படிஞ்ச தகடு, உதரவிதானத்து மேலயும் இருக்கு, அடில தழும்பு. அந்தத் தகடே ஆஸ்பெஸ்டாஸ் உள்ள போனதுக்கு சாட்சி மாதிரி. ஆஸ்பெஸ்டோசிஸ்னு டாக்டர் எழுதினாரு. ஆனா பழைய ரிக்கார்டை புரட்டினப்ப, 2016ல சிறுநீரகக் கல்லுக்காக வேற ஒரு ஆஸ்பத்திரில வயித்து ஸ்கேன் எடுத்திருக்காங்க, அதுல நெஞ்சோட கீழ் ஓரம் கொஞ்சம் விழுந்திருக்கு, ரிப்போர்ட்டோட கடைசி வரில அந்தத் தகடு பத்தி தெளிவா எழுதியிருக்காங்க. யாரும் அவர்கிட்ட சொல்லல. அஞ்சு வருஷம் அந்த வரி சும்மா கிடந்திருக்கு. கல்லு வெளிய வந்துடுச்சு வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாங்க.

அந்த வரி வைத்தியத்துக்கு மட்டும் முக்கியம்னு நினைக்காதீங்க. ரயில்வே ஆளுக்கு மாநில தொழிலாளர் நஷ்ட ஈடு கிடையாது, 1908ல வந்த ஃபெலான்னு ஒரு ஃபெடரல் சட்டத்துல முதலாளி மேல கேஸ் போடணும், முதலாளி கவனக்குறைவுன்னு காட்டணும், மூணு வருஷத்துக்குள்ள போடணும். மூணு வருஷம் எப்போ ஆரம்பம்? இதுக்கு பதில் வந்ததே ஒரு ரயில்வே ஃபயர்மேனாலதான். யூரின்னு ஒருத்தர், மிசௌரி பசிபிக் ரயில்வேல 30 வருஷம் ஸ்டீம் என்ஜின்ல வேலை, மணல் தூசி குடிச்சு சிலிகோசிஸ், 1940ல வேலையை விட்டாரு. தூசி முதல்ல உள்ள போன நாள்ல இருந்து கணக்கு வைக்கக் கூடாது, வியாதி தன்னை காட்டின நாள்ல இருந்துதான்னு 1949ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. நம்ம கேஸ்ல எதிர்தரப்பு வக்கீல் அப்பவே மூணு வருஷம் ஓட ஆரம்பிச்சாச்சுன்னு 2016 வரியை பிடிச்சுக்கிட்டாரு, நம்ம வக்கீல் அவருக்கு அதை யாருமே சொல்லல, அவருக்கு எப்படி தெரியும்னு நின்னாரு.

சட்டத்துல ஒரு விசித்திரம் இருக்கு, நான் இந்த கேஸ்லதான் கத்துக்கிட்டேன். நேவி மேல கேஸ் போட முடியாது, சர்வீஸ்ல வந்த பாதிப்புக்கு அரசாங்கத்தை இழுக்கக் கூடாதுன்னு 1950 ஃபெரஸ் தீர்ப்பு. ஆனா கப்பலுக்கு பம்ப், டர்பைன் செஞ்சு கொடுத்த கம்பெனிங்க மேல போடலாம், போர்வையை வேற யாரோ சுத்தினாலும் அது இல்லாம அந்த மெஷின் ஓடாதுன்னு தெரிஞ்சா எச்சரிக்கற பொறுப்பு உனக்கும் உண்டுன்னு ரெண்டு நேவி ஆளுங்க குடும்பம் கொண்டு வந்த டெவ்ரீஸ் கேஸ்ல 2019ல தீர்ப்பு. ரயில்வேல அப்படியே தலைகீழ். முதலாளி மேல போடலாம், என்ஜின் பாகம் செஞ்ச கம்பெனி மேல மாநில சட்டத்துல போட முடியாது, 2012 கர்ன்ஸ் தீர்ப்பு அந்தக் கதவை சாத்திடுச்சு. ஒரே தூசி, ஒரே நெஞ்சு.

உள்ள இருக்கற நார் எந்த இடத்துல போனதுன்னு எந்த ஸ்கேனும் சொல்லாது. அதனால ரெண்டு பக்கமும் அடுத்தவனை கை காட்டுவாங்க. முன்னாள் படைவீரர் துறை, அதாவது விஏ, 26 வருஷம் ரயில்வேல இருந்திருக்கியே அதுலதான் வந்திருக்கும்னு சொல்லலாம், ரயில்வே நாலு வருஷம் பாய்லர் ரூம்ல கிடந்தியே அதுதான் காரணம்னு சொல்லலாம். இதுலதான் நாங்க எழுதின மாசக் கணக்கு உதவுச்சு. விஏவுக்கு சர்வீஸ்ல வந்திருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தா போதும், ஃபெலாவுக்கு ரயில்வேயோட கவனக்குறைவு துளியாவது காரணமா இருந்தா போதும், வெளி இடத்து தூசியும் சேர்ந்திருந்தா நஷ்ட ஈட்டை பங்கு போட்டு கழிக்க முடியாதுன்னு 2003ல ஏயர்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. டாக்டர் கடிதத்துல ரெண்டு இடத்தையும் மறைக்காம, எந்த வருஷம், எந்த வேலை, எத்தனை மாசம்னு எழுதி ரெண்டும் சேர்ந்துதான் காரணம்னு சொன்னாரு. ஒண்ணை குறைச்சு எழுதியிருந்தா ரெண்டும் கவுந்திருக்கும்னு நான் நம்பறேன்.

நேவி சர்டிஃபிகேட், டிடி-214, தொலைஞ்சு போயிருந்தது. செயின்ட் லூயிஸ்ல ரிக்கார்டு ஆபீஸ் 1973ல எரிஞ்சு போச்சேன்னு பயந்தாரு, எரிஞ்சது ஆர்மி, ஏர்ஃபோர்ஸ் ஃபைல்தான், நேவி ஃபைல் பத்திரமா இருந்தது, காப்பி வந்தது. அதுல பாய்லர்மேன்னு இருந்ததே பெரிய பலம், எந்த நேவி வேலைக்கு எவ்வளவு ஆஸ்பெஸ்டாஸ் வாய்ப்புன்னு விஏகிட்ட ஒரு அட்டவணையே இருக்கு, பாய்லர் ஆளுங்களுக்கு உச்சபட்ச வாய்ப்புன்னு அதுலயே போட்டிருக்கு. 2022 ஜனவரில மனு, நவம்பர்ல முடிவு. அந்த 71, 58 நம்பருக்கு 30 சதவீதம், காதுல விடாம கேக்கற ரீங்காரத்துக்கு 10, விஏ கணக்கு கூட்டல் கணக்கு இல்ல, 30 போக மீதி 70ல 10 சதவீதம்தான் சேரும், 37 வரும், ரவுண்ட் பண்ணி 40. ரயில்வே கேஸ் 2023ல கோர்ட்டுக்கு போகாம பேசி முடிஞ்சது, தொகையை வெளிய சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம், அதனால எழுதல.

வைத்தியம்னு பார்த்தா தழும்பை திருப்ப முடியாது. இன்ஹேலரை நிறுத்தியாச்சு, தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு, மூச்சுப் பயிற்சிக்கு வாரம் ரெண்டு நாள் வராரு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை என் பாக்ஸ்குள்ள உக்காந்து ஊதறாரு, கேன்சர் வருதான்னு கண்காணிப்பு. கடைசியா எடுத்ததுல, முதல்ல 71 இருந்த அந்த மொத்தக் காத்து 69.

அந்த கடைசி தடவை வீட்டம்மாவும் கூட வந்திருந்தாங்க. நான் ஷெட்ல போட்டுக்கற ஓவரால் டிரஸ் பத்தி ஏதோ கேட்டுக்கிட்டு இருந்தேன், அவங்க குறுக்க வந்து, அதை பின்வாசல்ல வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சு நல்லா உதறிட்டுத்தான் மெஷின்ல போடுவேன், இல்லன்னா மத்த துணியெல்லாம் சாம்பல் ஆயிடும்னாங்க. பெரியவர் பேசாம தரையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், இவளையும் ஊத வைக்க முடியுமான்னு மெதுவா கேட்டாரு.

டாக்டர்கிட்ட சொல்லி அடுத்த வாரமே எக்ஸ்ரே, டெஸ்ட் ரெண்டுக்கும் நேரம் வாங்கினேன். ஃபார்ம் கொடுத்தேன், தொழில்ங்கற கோட்டுல "இல்லத்தரசி"ன்னு எழுதி கொடுத்தாங்க. அவங்க சம்மதத்தோட அதுக்கு கீழ நான் எழுதினேன்: 1970 மார்ச் முதல் 1982 டிசம்பர் வரை, 1994 அக்டோபர் முதல் 2007 செப்டம்பர் வரை, கணவரோட ரயில்வே ஓவரால் உதறி துவைச்சது, வாரத்துக்கு அஞ்சு.